கட்டளைக்குக் காத்திராத கப்பல்கள்: கேப்டன் வாக்கரின் அட்லாண்டிக் போர்

1938இல் பிரிட்டிஷ் கடற்படையின் பதவி உயர்வுப் பட்டியலில் கமாண்டர் ஃபிரெடெரிக் ஜான் வாக்கரின் பெயர் வரவில்லை. வயது 42. கேப்டன் ஆகாமலே வீட்டுக்குப் போக வேண்டியவர்களில் ஒருவராக அவரை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. அன்று மேலே வர நினைத்த இளம் அதிகாரிகள் பீரங்கித் துறையை எடுத்தார்கள், பெரிய போர்க்கப்பல்களில் இடம் பிடித்தார்கள். வாக்கர் 1920களிலேயே போர்ட்லண்டில் இருந்த ‘ஆஸ்ப்ரே’ பயிற்சித் தளத்துக்குப் போய், நீர்மூழ்கி எதிர்ப்பைத் தன் துறையாக எடுத்துக்கொண்டவர். அமைதிக்காலத்தில் அதற்கு மதிப்பில்லை.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1944 ஜூலையில் அவர் இறந்தபோது, அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களைக் காத்த நேச நாடுகளின் காவல் படைத் தளபதிகளில் அதிக ஜெர்மன் நீர்மூழ்கிகளை மூழ்கடித்தவர் அவர்தான். டி.எஸ்.ஓ. என்ற வீரப் பதக்கம் நான்கு முறை கிடைத்திருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் வேலை செய்த விதத்தைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. அவருடைய துணிச்சலைப் பற்றி ஏராளமாகச் சொல்லியாகிவிட்டது. அவருடைய கணக்கைப் பற்றியும், தன் கேப்டன்களை அவர் பழக்கிய முறையைப் பற்றியும் சொல்லப்பட்டது குறைவு. ஒரு காவல் படைத் தளபதியின் வேலையில் முக்கால்வாசி, எதிரியின் எதிரொலி காதில் விழுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

முதலில் கருவிகள். இது புரியாமல் அவர் செய்த எதுவும் புரியாது.

இன்று நாம் சோனார் என்று சொல்வதை அன்று ஆஸ்டிக் என்றார்கள். கப்பலின் அடியில் ஒரு கூண்டு. அதற்குள்ளிருந்து ஒலித்துடிப்பு ஒரு குறுகிய கற்றையாகத் தண்ணீருக்குள் போகும். கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். 2,500 கெஜத்தில் ஒரு நீர்மூழ்கி இருந்தால் எதிரொலி திரும்பிவர மூன்று நொடி ஆகும். ஆஸ்டிக் இயக்குபவர் ஒரு பக்கத்திலிருந்து ஐந்து ஐந்து பாகையாகத் திருப்பிக்கொண்டே வருவார். எதிரொலி கிடைத்ததும் அதன் இடது ஓரம், வலது ஓரம் இரண்டையும் தொட்டுப் பார்த்து நடுத்திசையைக் குறிப்பார். அந்த எதிரொலி மீன் கூட்டமாக இருக்கலாம், மூழ்கிய பழைய கப்பலாக இருக்கலாம், தன் கப்பல் விட்டுவந்த நுரைத்தடமாகவும் இருக்கலாம். அனுப்பிய ஒலியைவிடத் திரும்பிய ஒலியின் சுருதி கூடினால் இலக்கு நம்மை நோக்கி வருகிறது, குறைந்தால் விலகுகிறது. ஜெர்மானியர்கள் ஒரு ரசாயனக் குப்பியை வெளியே விட்டுக் குமிழி மேகம் உண்டாக்கி ஏமாற்றுவார்கள். குமிழி மேகம் நல்ல எதிரொலி தரும், ஆனால் அதற்கு ஓட்டம் இல்லை, சுருதி மாறாது. இந்த வித்தியாசத்தை முதல் சில துடிப்புகளிலேயே பிடிக்கிற காது ஒரு கப்பலுக்கு இரண்டு கூடுதல் பீரங்கிகளைவிடப் பெரிய சொத்து. வாக்கர் போருக்கு முன்பே போர்ட்லண்டில் இந்தச் சோதனைப் பிரிவின் கமாண்டராக இருந்தவர். எந்த எதிரொலியை நம்பலாம், எதை விட்டுவிடலாம் என்று தன் ஆட்களோடு விவாதிக்க அவரால் முடிந்தது. பெரும்பாலான கேப்டன்கள் அந்த இடத்தில் சொன்னதைக் கேட்டுக்கொள்ள மட்டுமே முடிந்தவர்கள்.

ஆயுதம், டெப்த் சார்ஜ். பீப்பாய் வடிவம், உள்ளே ஏறத்தாழ 290 பவுண்டு வெடிமருந்து. தண்ணீரின் அழுத்தத்தை உணர்ந்து, முன்கூட்டி வைத்த ஆழத்தில் வெடிக்கும். நொடிக்கு 10 அடி, அதாவது 3 மீட்டர் வேகத்தில் இறங்கும். நீர்மூழ்கியின் உடலைப் பிளக்க அதற்கு ஆறேழு மீட்டருக்குள் வெடிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி வெடித்தால் சேதம் உண்டு, மேலே வரக் கட்டாயப்படுத்தலாம். அதற்கு அப்பால் வெடித்தால் விளக்குகள் உடையும், ஆட்கள் நடுங்குவார்கள், கப்பல் பிழைத்துக்கொள்ளும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஆஸ்டிக் கற்றை முன்னோக்கிப் போவது. செங்குத்தாகக் கீழே பார்க்காது. நீர்மூழ்கி ஆழமாக இருந்தால், காவல் கப்பல் நெருங்க நெருங்க இலக்கு கற்றைக்கு அடியில் நழுவிவிடும். 150 மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஒன்றின் எதிரொலி 450 மீட்டர் தொலைவிலேயே அறுந்துவிடுகிறது என்று வையுங்கள். 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் போகும் கப்பல் அந்த 450 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 58 நொடி. குண்டு 150 மீட்டர் இறங்க 50 நொடி. ஆக 108 நொடி குருட்டுநேரம். 4 நாட் வேகத்தில் போகும் நீர்மூழ்கி அதற்குள் 220 மீட்டர் நகர்ந்துவிடும், எந்தப் பக்கம் வேண்டுமானாலும். நமக்கு வேண்டியது ஆறேழு மீட்டர்.

ஜெர்மன் கேப்டன்களுக்கு இது நன்றாகத் தெரியும். தலைக்கு மேலே உந்துவிசிறியின் சத்தம் திடீரென்று கூடினால் தாக்குதல் ஓட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் சுக்கானை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வேகத்தைக் கூட்டினால் போதும், குண்டுகள் வெறும் தண்ணீரில் வெடிக்கும். வெடிப்பு கிளப்பிய கலக்கத்தில் ஆஸ்டிக்கும் பல நிமிடங்கள் குழம்பிப்போகும். தப்பிக்க இதைவிட நல்ல திரை கிடைக்காது. போரின் முதல் ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான தாக்குதல்கள் வீணானது இப்படித்தான். அதற்குத் தைரியக்குறைவு காரணமில்லை.

வாக்கருக்குக் கப்பல் கிடைக்க 1941 அக்டோபர் வரை ஆனது. அதுவரை டோவரில் அட்மிரல் ராம்சேயின் கீழ் அலுவலக வேலை, டன்கர்க் வெளியேற்றத்தில் பங்கு. பிறகு 36ஆம் காவல் குழு. ‘ஸ்டார்க்’, ‘டெப்ட்ஃபர்ட்’ என்ற இரண்டு ஸ்லூப் வகைக் காவல் கப்பல்கள், ஏழு கார்வெட்கள். கார்வெட் என்பது திமிங்கில வேட்டைக் கப்பலின் அச்சில் அவசரமாகக் கட்டிய சிறு கப்பல். அதன் உச்ச வேகம் 16 நாட். ஜெர்மானியரின் ஏழாம் வகை நீர்மூழ்கி மேற்பரப்பில் 17 நாட்டுக்கு மேல் ஓடும். இரவில் மேலே மிதந்து தாக்கிவிட்டு ஓடும் எதிரியைக் கார்வெட்டால் துரத்திப் பிடிக்கவே முடியாது. அதே எதிரி தண்ணீருக்குள் போய்விட்டால் ஏழரை நாட்தான், அதுவும் ஒரு மணி நேரம்போல. அதற்குமேல் பேட்டரி தாங்காது. ஆகவே முதல் வேலை அவனை எப்படியாவது கீழே போகவைப்பது.

இதற்காக வாக்கர் எழுதிய ஏற்பாட்டுக்கு ‘பட்டர்கப்’ என்று பெயர். இரவில் ஒரு சரக்குக் கப்பல் தாக்கப்பட்டதும் அந்த ஒற்றைச் சொல்லும் ஒரு திசையும் வானொலியில் போகும். எல்லாக் காவல் கப்பல்களும் அந்தப் பக்கம் வெளிநோக்கித் திரும்பி, வெளிச்சக் குண்டுகளால் இரவைப் பகலாக்கி, டெப்த் சார்ஜ் போட்டு நீர்மூழ்கியை மூழ்க விரட்டும். எந்தக் கப்பல் எங்கே போக வேண்டும் என்பது கப்பல் துறைமுகத்தை விடும்போதே எழுதிக் கொடுத்தாயிற்று. அவருடைய குழு உத்தரவுகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்: கேப்டன்கள் தன் கட்டளைக்காகக் காத்திருக்கக் கூடாது, கைக்கு வந்த வேலையைப் பார்த்துச் செய்தவர் யாரையும் தான் குறைசொல்லமாட்டேன் என்று எழுத்திலேயே உறுதி தந்திருந்தார். வாயால் சொல்வது வேறு, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவது வேறு. பிந்தையது இருந்தால்தான் 25 வயது லெப்டினன்ட் ஒருவர் நள்ளிரவில் யாரையும் கேட்காமல் சுக்கானைத் திருப்புவார்.

அந்த ஏற்பாடு சோதிக்கப்பட்டது 1941 டிசம்பரில், ஹெச்.ஜி.76 என்ற கான்வாயில், அதாவது காவலோடு கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல் அணியில். ஜிப்ரால்டரிலிருந்து 14ஆம் தேதி கிளம்பிய 32 சரக்குக் கப்பல்கள். கூடவே ‘ஆடாசிட்டி’ என்ற சிறு விமானந்தாங்கி. பகலில் அதன் மார்ட்லெட் விமானங்கள் தொலைவில் மிதந்த நீர்மூழ்கிகளைக் கண்டு சொல்ல, காவல் கப்பல்கள் ஓடிப்போய்த் தாக்கின. 17ஆம் தேதி யூ-131, 18ஆம் தேதி யூ-434 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கின. 19ஆம் தேதி விடியுமுன் ‘ஸ்டான்லி’ நாசகாரிக் கப்பல் டார்பிடோவால் வெடித்துச் சிதறியது. அதைத் தாக்கிய யூ-574ஐ ‘ஸ்டார்க்’ டெப்த் சார்ஜ் போட்டு மேலே கொண்டுவந்தது. இருட்டில் அந்த நீர்மூழ்கி ஸ்லூப்பின் திருப்பு வட்டத்துக்கு உள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடியது. அவ்வளவு நெருக்கத்தில் நான்கு அங்குலப் பீரங்கியின் குழலைப் போதிய அளவு கீழே தாழ்த்த முடியவில்லை. கடைசியில் மோதித்தான் மூழ்கடித்தார்கள்.

இங்கே கருவியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மோதுவது கண்ணுக்கு வீரமாகத் தெரியும், விலை அதிகம். கப்பலின் மூக்கு நசுங்கும், அடியில் இருக்கும் ஆஸ்டிக் கூண்டு உடைந்து போகும், அதன்பிறகு அந்தக் கப்பல் காதில்லாத காவல்காரன். 1943 ஜூன் 24 அன்று யூ-119ஐ வாக்கரின் பிந்தைய கப்பலான ‘ஸ்டார்லிங்’ மோதி முடித்தபோது இதேதான் நடந்தது. வாக்கர் அடுத்த வேட்டைக்கு ‘வைல்ட் கூஸ்’ கப்பலுக்கு மாறிப்போக வேண்டியிருந்தது. நல்ல நிலையிலுள்ள ஒரு காவல் கப்பலைப் பல வாரம் பழுதுபார்க்கும் துறைக்கு அனுப்பத் தயாராக இருந்தால் மட்டுமே மோத வேண்டும்.

ஹெச்.ஜி.76இன் பெரிய இழப்பு ‘ஆடாசிட்டி’. இரவில் அது கான்வாயை விட்டு விலகி, தன் பாதுகாப்புக்கென்று தனியே வளைந்து வளைந்து ஓடும் வழக்கம் வைத்திருந்தது. 21ஆம் தேதி மாலை அது எந்தப் பக்கம் போவது என்பதில் வாக்கருக்கும் அதன் கமாண்டருக்கும் கருத்து வேறுபாடு. காவலுக்குப் பொறுப்பு வாக்கர், ஆனால் பணிமூப்பில் ‘ஆடாசிட்டி’யின் கமாண்டர் பெரியவர். வாக்கர் வற்புறுத்தவில்லை. அன்றிரவு யூ-751 விமானந்தாங்கியை மூழ்கடித்தது. தன் அறிக்கையில் வாக்கர் பழியைத் தானே ஏற்றுக்கொண்டார். அவரை நான் கூடுதலாகக் குறைசொல்லமாட்டேன். பணிமூப்பும் பொறுப்பும் இரண்டு பேரிடம் பிரிந்து கிடக்கும்படி அந்தக் கான்வாயை அனுப்பியதுதான் அடிப்படைத் தவறு. புறப்படும் முன் நடக்கும் கூட்டத்திலேயே, இன்னார் சொல்வதை வயது, பதவி பார்க்காமல் எல்லாரும் கேட்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிப் படித்திருந்தால் போதும்.

அதே இரவில் ‘டெப்ட்ஃபர்ட்’ யூ-567ஐ மூழ்கடித்தது. ஜெர்மனியின் பேர்பெற்ற கேப்டன்களில் ஒருவரான எண்ட்ராஸ் அதில் இறந்தார். கான்வாய் வீடு சேர்ந்தபோது இழப்பு இரண்டு சரக்குக் கப்பல்கள், ‘ஸ்டான்லி’, ‘ஆடாசிட்டி’. ஆஸ்திரேலிய நாசகாரி ‘நெஸ்டர்’ முன்னதாக மூழ்கடித்ததையும் சேர்த்தால் ஜெர்மானியர் இழந்தது ஐந்து. லண்டனில் இதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார்கள். அது சரிதான்.

ஆனால் வெற்றியையும் பிரித்து ஆராய வேண்டும். அதைச் செய்தவர் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ். நோயால் கடலுக்குப் போக முடியாமல் ஓய்வு பெற்றவர். 1942 தொடக்கத்தில் லிவர்பூலில், அட்லாண்டிக் காவலை நடத்திய மேற்கு அணுகுகடல் தலைமையகமான டெர்பி ஹவுஸில், ஒரு மாடியைக் கொடுத்து உத்திகளை ஆராயச் சொன்னார்கள். தரையில் லினோலியம் விரித்து, ஒரு கடல் மைலுக்கு 10 அங்குலம் என்று அளவு வைத்துக் கட்டம் போட்டார்கள். கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள் கப்பல்களை நகர்த்தினார்கள். காவல் கப்பல் கேப்டன்கள் திரைக்குப் பின்னால் நின்று ஓர் ஓட்டை வழியாக, கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு மட்டுமே பார்க்கலாம். நீர்மூழ்கியின் பாதையைப் பச்சைச் சாக்கட்டியால் வரைவார்கள், ஓட்டை வழியே பார்ப்பவருக்கு அந்த நிறம் தரையோடு கலந்து தெரியாது.

ராபர்ட்ஸ் கேட்ட கேள்வி எளியது. ஹெச்.ஜி.76இல் நடு வரிசையில் போன ‘அன்னாவோர்’ எப்படி அடிபட்டது? வெளியே வெகுதொலைவில் நின்று சுட்டிருந்தால் ஓர வரிசைகளில் போன கப்பல்கள் அல்லவா அடிபட்டிருக்க வேண்டும். தரையில் ஆடிப் பார்த்ததில் விடை கிடைத்தது. நீர்மூழ்கி இரவில் பின்பக்கமாக, மேலே மிதந்தபடி, கான்வாயின் வரிசைகளுக்குள்ளேயே நுழைகிறது. மிக அருகிலிருந்து சுட்டுவிட்டு மூழ்கி, கான்வாய் தலைக்கு மேலே கடந்துபோகும்வரை காத்திருந்து வால்பக்கம் வெளியேறுகிறது. ‘பட்டர்கப்’ ஏற்பாட்டில் எல்லாரும் வெளியே ஓடி, எதிரி இல்லாத இடத்தில் வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக வந்தது ‘ராஸ்ப்பெரி’: காவல் கப்பல்கள் கான்வாயின் பின்னால் திரும்பி வரிசைகட்டி, நீர்மூழ்கி வெளியேறும் வழியை ஆஸ்டிக்கால் துழாவுவது. போர் முடிவதற்குள் சுமார் 5,000 அதிகாரிகள் அந்தத் தரையில் பாடம் படித்தார்கள். கடலில் பேரெடுத்த ஒருவரின் முறையைக் கடலுக்கே போகாத பெண்களின் கணக்கு திருத்தியது, திருத்தத்தைக் கடற்படை சில மாதங்களில் ஏற்றுக்கொண்டது. இது எந்தப் படையிலும் எளிதாக நடப்பதில்லை.

1942 ஜூனில் வாக்கர் ஒருவழியாகக் கேப்டன் ஆனார். சிறிது காலம் கரைவேலை. 1943 வசந்தத்தில் 2ஆம் துணைக்குழுவோடு கடலுக்குத் திரும்பினார். ‘ஸ்டார்லிங்’, ‘வைல்ட் கூஸ்’, ‘ரென்’, ‘வுட்பெக்கர்’, ‘சிக்னெட்’, ‘கைட்’ என்று எல்லாம் பறவைப் பெயர்கள், எல்லாம் பிளாக் ஸ்வான் வகை ஸ்லூப்கள். (இதே வகையில் இந்தியக் கடற்படைக்கும் கப்பல்கள் கட்டப்பட்டன. ‘காவேரி’ அவற்றில் ஒன்று.) 20 நாட் வேகம், ஆறு நான்கங்குலப் பீரங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட டெப்த் சார்ஜ். எல்லாவற்றுக்கும் மேலாக, 12 நாட்டில் 7,500 கடல் மைல் ஓடும் எண்ணெய்க் கொள்ளளவு. நாசகாரிகள் அட்லாண்டிக் நடுவில் எண்ணெய்க்குத் திண்டாடும்போது இவை வாரக்கணக்கில் நிற்கும்.

துணைக்குழு என்றால் கான்வாயோடு கட்டப்படாத குழு. சாதாரணக் காவல் கப்பல் ஒரு நீர்மூழ்கியைக் கண்டுபிடித்தாலும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குமேல் துரத்த முடியாது, கான்வாய் காவலின்றி முன்னே போய்விடும். துணைக்குழுவுக்கு அந்தக் கவலை இல்லை. நேரம் முழுக்க அதன் கையில். நேரத்தையே ஆயுதமாக்கியதில்தான் வாக்கரின் உண்மையான திறமை தெரிகிறது.

1943 ஜூன் 1 அன்று யூ-202 அகப்பட்டது. அது டெப்த் சார்ஜுக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது. மீண்டும் மீண்டும் குண்டு போட்டுத் தீர்ப்பதற்குப் பதிலாக வாக்கர் தொடர்பை விடாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பேட்டரி எவ்வளவு தாங்கும், உள்ளே காற்று எவ்வளவு நேரம் வரும் என்று கணக்குப் போட்டு, நள்ளிரவு வாக்கில் மேலே வரும் என்றார். ஏறத்தாழ 15 மணி நேரம் கழித்து, நள்ளிரவு கடந்து இரண்டு நிமிடத்தில் யூ-202 மேலே வந்தது. பீரங்கிகள் தயாராக இருந்தன.

காத்திருப்பதிலும் முறை உண்டு. தொடர்பு அறுந்துவிட்டால் கடைசியாக எதிரொலி கிடைத்த இடத்தைக் குறித்து, அதை நடுவில் வைத்துப் பக்கத்துக்கு இரண்டு மைல் கொண்ட சதுரத்தைச் சுற்றிவர வேண்டும். தாமதம் ஆக ஆகச் சதுரத்தைப் பெரிதாக்க வேண்டும், 4 நாட்டில் போகிறவன் அரை மணியில் இரண்டு மைல் போயிருப்பான். இதில் பெரும்பாலும் கோட்டைவிடுவது, எல்லாக் கப்பலும் ஒரே இடத்தில் கூடி ஒன்றின் சத்தத்தில் மற்றொன்றின் காது அடைபட்டுப்போவது. ஆறு கப்பல் இருந்தால் இரண்டு வேலை செய்யட்டும், மற்றவை தள்ளி நின்று சுற்றி வளைக்கட்டும் என்பது வாக்கர் வைத்த ஒழுங்கு.

ஆழத்தில் இருப்பவனை அந்த 108 நொடிக் குருட்டுநேரத்தைத் தாண்டி அடிப்பதற்கு அவர் உருவாக்கியதுதான் ஊர்ந்து தாக்கும் முறை. விரிவாகச் சொல்ல வேண்டியது இது.

இரண்டு கப்பல் வேண்டும். ஒன்று வழிகாட்டி. அது நீர்மூழ்கிக்குப் பின்னால் 1,000 முதல் 1,500 கெஜம் தள்ளி, அதே வேகத்தில், ஆஸ்டிக்கைத் தொடர்ந்து ஒலித்துக்கொண்டு வரும். இரண்டாவது, தாக்கும் கப்பல். அது தன் ஆஸ்டிக்கை முழுக்க நிறுத்திவிட்டு, 5 நாட்டுக்கு மேற்படாத வேகத்தில் வழிகாட்டியைத் தாண்டி முன்னே ஊர்ந்து, நீர்மூழ்கியின் முதுகுக்கு நேராக வரும். நீர்மூழ்கிக்குள் இருப்பவர்களுக்குக் கேட்பது பின்னால் சீராக ஒலிக்கும் ஒரே துடிப்புதான். அது நெருங்கவில்லை, உந்துவிசிறியின் சத்தமும் கூடவில்லை. ஆகவே சுக்கானைத் திருப்பத் தேவையில்லை என்று நேராகப் போய்க்கொண்டிருப்பார்கள்.

வழிகாட்டியின் மேல்தளத்தில் இரண்டு தூரங்களை விடாமல் பார்ப்பார்கள். ஆஸ்டிக் சொல்லும் நீர்மூழ்கியின் தூரம், தூரமானி சொல்லும் நண்பனின் தூரம். “இடப்பக்கம் இரண்டு பாகை,” “அப்படியே வா” என்று வானொலித் தொலைபேசியில் சொல்லிச் சொல்லித் தாக்கும் கப்பலை ஓட்டுவார்கள். இரண்டு தூரமும் சமமாகும் கணத்தில் குண்டு போடக் கூடாது, இது முதல் முறை செய்பவர்கள் செய்யும் பிழை. குண்டு இறங்கும் நேரத்தில் நீர்மூழ்கி முன்னே போகும். 180 மீட்டர் இறங்க 60 நொடி, 2 நாட்டில் நீர்மூழ்கி அதற்குள் 60 மீட்டர் நகரும். ஆகவே நண்பன் இலக்கைத் தாண்டி 60 மீட்டர் முன்னே போன பிறகே கட்டளை. அங்கிருந்து 26 டெப்த் சார்ஜ்கள், ஆழமான அமைப்பில், ஒன்றன்பின் ஒன்றாக ஒரு கம்பளம்போல விழும். முதல் வெடிப்பு கேட்டுச் சுக்கானைத் திருப்பும்போது, திரும்பும் இடத்திலும் குண்டு இறங்கிக்கொண்டிருக்கும். எதிரி மிக ஆழத்தில் இருந்தாலோ நிலை உறுதியாகத் தெரியாவிட்டாலோ மூன்று கப்பல்கள் பக்கத்தில் பக்கத்தில் வரிசைகட்டி இதையே செய்யும்.

தாக்கும் கப்பலின் கேப்டனுக்கு எதுவும் தெரியாது, எதுவும் கேட்காது. இன்னொருவர் கண்ணையும் காதையும் நம்பித் தன் கப்பலை ஓட்டுகிறார். கப்பல் மெதுவாகப் போவதால், ஆழ அமைப்பைத் தவறாக வைத்தால் சொந்தக் கப்பலின் பின்பகுதிதான் பிளக்கும். குழுவாகப் பழகாத இரண்டு கப்பல்களிடம் இந்த முறையைக் கொடுத்தால் நடக்காது. நூலை வாசித்து இதைக் கற்றுக்கொண்டவர்கள் பலர் தோற்றதும் இதனால்தான்.

கையிருப்பையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு தாக்குதலுக்கு 26 என்றால் நான்கு தாக்குதலில் ஒரு கப்பல் காலி. சில கான்வாய்களில் சரக்குக் கப்பலிலேயே கூடுதல் டெப்த் சார்ஜ் ஏற்றி வந்தார்கள். அட்லாண்டிக் அலையில் அதை ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது தனிப் பாடு.

1943 நவம்பர் 6 அன்று ஒரே நாளில் யூ-226, யூ-842. 1944 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 19 வரை ஒரே சுற்றில் ஆறு: யூ-592, யூ-762, யூ-238, யூ-734, யூ-424, யூ-264. அந்தக் கடைசிப் படகில் நீருக்கடியிலிருந்தே காற்று இழுக்கும் ஸ்நார்கல் குழாய் இருந்தது. புதிய ஆயுதங்களோடு வந்த எதிரியையும் சேர்த்து அந்தச் சுற்றில் முடித்தார்கள்.

ஆனால் மறுநாள் ‘வுட்பெக்கர்’ அடிபட்டது. யூ-256இன் ஒலிதேடும் டார்பிடோ பின்பகுதியைப் பெயர்த்துவிட்டது. இழுத்துக்கொண்டு வந்தார்கள், 27ஆம் தேதி சில்லித் தீவுகளுக்கு அருகில் மூழ்கிப்போனது. 1943 செப்டம்பரிலிருந்து ஜெர்மானியர் பயன்படுத்திய இந்த டார்பிடோ, காவல் கப்பலின் உந்துவிசிறிச் சத்தத்தைத் தேடிவரும். இதற்கு மாற்றாக ‘ஃபாக்ஸர்’ என்ற இரும்புக் குழாய்க் கருவியைப் பின்னால் கட்டி இழுத்தார்கள். அது உந்துவிசிறியைவிடப் பெரிதாகக் கலகலத்து டார்பிடோவைத் தன் பக்கம் இழுக்கும். ஆனால் அந்தச் சத்தத்தில் சொந்த ஆஸ்டிக்கே கெட்டுவிடும், எதிரிக்கும் நெடுந்தூரத்திலிருந்து கேட்கும். வாக்கருக்கு அது பிடிக்கவில்லை, வேட்டையின்போது 7 நாட்டுக்குக் குறைத்து ஓடுவதையே விரும்பினார். அந்த வேகத்தில் உந்துவிசிறியின் சத்தம் டார்பிடோவின் காதுக்குப் போதாது. இதிலும் ஆபத்து உண்டு: மெதுவாகப் போகும் கப்பல் சாதாரண டார்பிடோவுக்கு எளிய இலக்கு. 1944 ஆகஸ்ட் 21 அன்று ஆர்க்டிக் கான்வாய் ஒன்றில், சிக்கிக்கொண்ட ஃபாக்ஸர் கம்பிகளைப் பிரிக்க ‘கைட்’ 6 நாட்டுக்கு வேகத்தைக் குறைத்தது. யூ-344 அதை அப்போதே சுட்டது. உயிர் பிழைத்தவர்கள் ஒன்பது பேர். கருவியைக் கொடுக்கும்போதே, சிக்கினால் கம்பியை வெட்டிவிடு என்றும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1943 ஆகஸ்டில் வாக்கரின் மகன் டிமதி மத்தியதரைக் கடலில் ‘பார்த்தியன்’ நீர்மூழ்கியோடு காணாமல் போனார். நீர்மூழ்கி வேட்டையே தொழிலாகக் கொண்டவரின் மகன் ஒரு நீர்மூழ்கியில் இறந்தார். வாக்கர் கடலுக்குத் திரும்பிப் போனார். 1944 ஜூன் 6க்குப் பிறகு நார்மண்டிக்குப் போகும் கப்பல்களைக் காக்க ஆங்கிலக் கால்வாயின் மேற்கு வாயிலில் இரண்டு வாரம் இடைவிடாத காவல். பெரும்பாலும் மேல்தளத்திலேயே இருந்தார், தூக்கம் துண்டு துண்டாக. ஜூலை 9 அன்று லிவர்பூல் அருகே கடற்படை மருத்துவமனையில் மூளை ரத்த அடைப்பால் இறந்தார். வயது 48. மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டி ஏற்பாடு செய்து, பிறர் கையில் ஒப்படைக்கத் தெரிந்த மனிதர், தன் ஓய்வை மட்டும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. துணை அதிகாரி ஒருவருக்கு, “தளபதி இத்தனை மணி நேரத்துக்குமேல் மேல்தளத்தில் நின்றால் கீழே அனுப்பு” என்று சொல்லும் அதிகாரம் அன்று எந்தக் கப்பலிலும் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

குழு நிற்கவில்லை. எழுதி வைத்த உத்தரவுகளும் பழகிய கேப்டன்களும் அப்படியே இருந்தார்கள், ‘வைல்ட் கூஸ்’ கேப்டன் வெமிஸ் பொறுப்பேற்றார். அந்தக் கோடையில் ‘லாக் கில்லின்’ என்ற புதிய ஃபிரிகேட் குழுவில் சேர்ந்தது. அதன் முன்தளத்தில் இரண்டு ‘ஸ்குவிட்’ ஏவிகள், ஒவ்வொன்றிலும் மூன்று குழல். கப்பலுக்கு 275 கெஜம் முன்னால் குண்டுகளை எறியும், ஆகவே ஆஸ்டிக் தொடர்பு அறுமுன்பே தாக்கலாம். நீர்மூழ்கியின் ஆழத்தைத் தனி ஆஸ்டிக் அளந்து, குண்டு குழலுக்குள் இருக்கும்போதே வெடிக்க வேண்டிய ஆழத்தை அமைத்துவிடும். குருட்டுநேரம் சில நொடிகளாகச் சுருங்கியது. ஜூலை 31 அன்று, வாக்கர் இறந்து மூன்று வாரத்தில், சில்லித் தீவுகளுக்கு மேற்கே ‘ஸ்டார்லிங்’கும் ‘லாக் கில்லின்’னும் சேர்ந்து யூ-333ஐ மூழ்கடித்தன. ஸ்குவிட்டின் முதல் வெற்றி அது. ஆகஸ்ட் 6 அன்று ‘லாக் கில்லின்’ யூ-736ஐயும் முடித்தது.